ரேஞ்ச் ஒரு காருக்கு, பிக்கப் இன்னொரு காருக்கு: இந்த ஒப்பீட்டுத் தாளை நம்பாதீர்கள்

அதிவேக மின்சார கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். ஒரு ஷோரூமில் எனக்குக் கொடுத்த ஒப்பீட்டுத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். அவற்றை ஒரே தாளில் கோத்த விதத்தில்தான் ஏமாற்று இருந்தது.

ஒரு பக்கம் அவர்கள் விற்கும் கார், மறுபக்கம் நான் பரிசீலித்த வேறு இரண்டு கார்கள். கீழே ரேஞ்ச் (முழு சார்ஜில் போகும் தூரம்), 0–100 நேரம் (நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம்), குதிரைத்திறன் என்று வரிசை. மூன்றிலும் அவர்கள் காரே முன்னால். ரேஞ்ச் கட்டத்தில் 620 கி.மீ. என்று பச்சை நிறத்தில் தடித்த எழுத்து. எந்தச் சோதனையில் வந்த எண், எந்த வேரியன்ட், எந்த அளவு சக்கரம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கேட்டதற்கு, "கம்பெனி கொடுத்த எண்தான் சார், எல்லா வேரியன்டுக்கும் ஏறக்குறைய இதுதான்" என்றார் விற்பனையாளர்.

கார் கைக்கு வந்தபின் நெடுஞ்சாலையில் 120 கி.மீ. வேகத்தில் போனால் முழு சார்ஜுக்கு சுமார் 340 கி.மீ.தான் கிடைக்கிறது. தயாரிப்பாளரின் தொழில்நுட்ப விவரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த 620 என்பது ஒற்றை மோட்டார், சின்ன சக்கரம் கொண்ட அடிப்படை வேரியன்டுக்குச் சீனாவின் சிஎல்டிசி சோதனையில் வந்தது. நான் வாங்கிய இரட்டை மோட்டார் வேரியன்டுக்கு ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி எண் 450. தாளில் இருந்த 0–100 நேரம் மட்டும் என் வேரியன்டுடையது. போட்டிக் கார்களுக்கோ, இருப்பதிலேயே கறாரான அமெரிக்க ஈபிஏ எண்ணை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இது கவனக்குறைவில் நடக்கிற காரியமா?

சிஎல்டிசி சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 29 கி.மீ. அளவுதான், உச்சம் 114. டபிள்யூஎல்டிபியில் சராசரி 46.5, உச்சம் 131. ஈபிஏ கணக்கில் ஆய்வகத்தில் வந்த தூரத்தைப் பொதுவாக 0.7 ஆல் பெருக்கிக் குறைத்துத்தான் அறிவிக்கிறார்கள். அதனால் ஒரே காருக்கு மூன்று எண் வரும். 2020 போர்ஷே டைகான் டர்போ எஸ் காரைப் பாருங்கள். டபிள்யூஎல்டிபியில் 388 முதல் 412 கி.மீ. வரை, ஈபிஏவில் 192 மைல், அதாவது 309 கி.மீ. ஒரு காருக்கு முதல் எண்ணையும் இன்னொரு காருக்கு இரண்டாவது எண்ணையும் போட்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

வேரியன்ட் மாறினால் எவ்வளவு குறையும் என்பதற்கு 2023 கியா ஈவி6 நல்ல உதாரணம். அதே 77.4 கிலோவாட் மணி பேட்டரியில் பின்சக்கர ஒற்றை மோட்டார் கார் 528 கி.மீ. போகும், 585 குதிரைத்திறன் உள்ள ஜிடி 424 கி.மீ.தான் போகும். இரண்டுமே டபிள்யூஎல்டிபி எண்கள். சக்கரமும் சும்மா இல்லை. 2022 டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 19 அங்குலச் சக்கரத்தில் ஈபிஏ 396 மைல், 21 அங்குலத்தில் 348 மைல். இந்த நிறுவனங்கள் இதை மறைக்கவில்லை, வேரியன்ட் வாரியாகச் சொல்கின்றன. மறைத்தது எனக்குத் தாள் கொடுத்தவர்கள்.

வேகக் கணக்கிலும் இதே கதைதான். அதே 2020 டைகான் டர்போ எஸ்ஸின் 761 குதிரைத்திறன் லாஞ்ச் கண்ட்ரோலில் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் வசதி) மட்டும் கிடைப்பது, சாதாரணமாக 625. ஹூண்டாய் ஐயானிக் 5 என் காரின் 650 குதிரைத்திறன் பத்து விநாடிக்குத்தான், மற்ற நேரம் 609. பிளெய்ட் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் புகழ்பெற்ற 1.99 விநாடி, முதல் ஒரு அடி உருளலைக் கணக்கில் சேர்க்காத நேரம். எனக்குக் காட்டிய தாளில் ஒரு காருக்கு அந்த ஒரு அடியைக் கழித்த நேரம், இன்னொன்றுக்குக் கழிக்காத நேரம்.

டெஸ்ட் டிரைவிலும் ஜாக்கிரதையாக இருங்கள். எனக்குக் கொடுத்த கார் கிட்டத்தட்ட முழு சார்ஜில், பேட்டரி இதமான சூட்டில் இருந்தது. "கடைசி வரைக்கும் இதே பிக்கப்" என்று சத்தியம் செய்யாத குறை. ஆனால் சார்ஜ் இறங்க இறங்க பேட்டரியின் மின்னழுத்தம் குறையும், திறனும் குறையும். பேட்டரி ரொம்பச் சூடானாலும், குளிர்ந்து கிடந்தாலும் மென்பொருளே திறனைக் கட்டுப்படுத்தும். 15 சதவீத சார்ஜில் ஒரு லாரியை முந்த பெடலை அழுத்தினேன். திரையில் திறன் பட்டை பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகிவிட்டது, கார் நினைத்த மாதிரி பாயவில்லை. முந்திப் போகும்போது இது தெரியவருவது உயிரோடு விளையாடுகிற விஷயம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அப்புறம் புகாரோடு போனேன். முதலில் என் ஓட்டும் விதத்தைக் குறை சொன்னார்கள். பிறகு காரை வாங்கி வைத்துக்கொண்டு "எல்லாம் நார்மல்" என்று அறிக்கை கொடுத்தார்கள். நார்மல்தான், காரில் ஒரு குறையும் இல்லை. நல்ல கார். எனக்குச் சொன்ன கார் இது இல்லை என்பதுதான் என் புகார். தாளைக் காட்டியதும் மேலாளர் "அப்படி ஒன்றை நாங்கள் கொடுப்பதே இல்லை" என்றார். விற்பனையாளர் அதை என் போனுக்கும் அனுப்பியிருந்தார். அதைத் திறந்து நீட்டியபின் பேச்சு மாறியது: "அது உள் உபயோகத்துக்கு, அதிகாரபூர்வமானது இல்லை."

நீங்கள் போகும்போது கேட்க வேண்டியவை இவைதான். எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனையின் எண் வேண்டும். நீங்கள் வாங்கப் போகும் அதே வேரியன்ட், அதே சக்கரத்துக்கான எண் வேண்டும். பாதி சார்ஜிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவிடச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் இன்னும் கழித்துக்கொள்ளுங்கள். வேகம் 100இலிருந்து 130 ஆனால் காற்றின் தடை மட்டுமே கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடும். நீண்ட பயணத்தில் 10இலிருந்து 80 சதவீதம் வரைதான் சார்ஜ் வேகமாக ஏறும் என்பதால், 400 கி.மீ. கார் என்றால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கையில் இருப்பது 280தான்.

எழுத்தில் கொடுக்க மறுக்கும் எண்ணை இல்லாத எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரித் தாளை யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள், அனுப்பிய தேதியோடு சேமித்து வையுங்கள். என்னுடையதைத் தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறேன். விசாரிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஷோரூமிலிருந்து இன்றுவரை ஒரு வரி வரவில்லை.