மார்கழி தொடக்கத்து மலைப்பனி: வடக்குச் சாய்வா, தெற்குச் சாய்வா?

கார்த்திகை மழையில் மட்டக்களப்பு வாவி நிரம்பும் நாட்களில்தான் ஆல்ப்ஸ் மலைகளில் பனி பரவலாகத் தங்கத் தொடங்குகிறது. சுவிற்சர்லாந்தின் பேர்ணில் வாழும் என் மருமகன் இம்முறை தை வரை காத்திராமல், பனிச்சறுக்குத் தளங்களுக்கு வெளியேயுள்ள மலைகளுக்கு மார்கழி தொடக்கத்திலேயே ஏறப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார். வடக்குப் பார்த்த சாய்வில் பனி தாராளமாகக் கிடக்கிறது, தெற்கில் புல் தெரிகிறது, ஆகவே வடக்கே நல்லது என்பது அவர் கணக்கு. களுவாஞ்சிக்குடியில் பல காலம் புவியியல் கற்பித்த எனக்கு, பனிச்சரிவு ஆபத்தை நினைத்தால், அந்தக் கணக்கு தலைகீழாகவே படுகிறது.

வடக்குச் சாய்வில் ஐப்பசியில் விழுந்த பனி வெயில் படாமல் அப்படியே கிடக்கும். அதன் அடியிலுள்ள நிலம் ஏறத்தாழ 0 பாகை செல்சியசில் இருக்க, மேற்பரப்பு தெளிந்த இரவுகளில் மறை 10 பாகைக்கும் கீழே குளிர்கிறது. பனியின் கனம் 50 சென்ரிமீற்றர் என்றால் வெப்பநிலை மீற்றருக்கு 20 பாகை வீதம் மாறுகிறது. அதே குளிரில் 2 மீற்றர் கனமான பனியில் அந்த வீதம் 5 பாகைதான். வீதம் ஏறத்தாழ 10 பாகையைத் தாண்டினால், கீழிருந்து எழும் நீராவி பனிமணிகளை ஒன்றோடொன்று ஒட்டாத கோண மணிகளாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் அவை சீனிபோல உதிரும். மெல்லிய பனியே விரைவாகப் பலவீனமடைகிறது என்பதால், "பனி குறைவு, ஆபத்தும் குறைவு" என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. பின்னர் காற்றோடு வரும் புதுப்பனி அந்தச் சீனிப்படையின்மேல் பலகைபோல இறுகிவிட்டால், சாய்வு 30 பாகைக்கு மேற்பட்ட இடங்களில் ஒருவரின் பாரமே அதை உடைத்துவிடப் போதும். காலடியில் "வூம்" என்று பனி அமுங்கும் ஓசை கேட்டால் அடியிலுள்ள படை நொறுங்கிவிட்டது என்று பொருள். அதற்குமேல் சான்று தேட வேண்டியதில்லை. பனிச்சரிவில் சிக்குவோரில் பத்தில் ஒன்பது பேரளவில், தாமோ தம் கூட்டாளிகளோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

தெற்குச் சாய்வில் ஐப்பசிப் பனி வெயிலில் கரைந்துவிடுவதால், மார்கழிப் பனி பெரும்பாலும் வெறும் நிலத்தின்மேல் விழுகிறது. அடியில் பழைய சீனிப்படை இராது. அதற்காக அதைக் குற்றமற்றதாகச் சொல்லிவிடவும் முடியாது. சூடு ஆறாத நிலத்தில், நீண்ட புல்லின்மேல் பெரும்பனி ஒரேயடியாக விழுந்தால், அடி நனைந்து முழுப்படையுமே வழுக்கிக்கொண்டு இறங்கும். எந்த நேரத்தில் இறங்கும் என்று யாராலும் சொல்ல இயலாது என்றாலும், பனியில் வாய்பிளந்த வெடிப்புகள் பல இடங்களில் முன்கூட்டியே தெரியும். அவற்றின் கீழே நிற்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வடக்கின் சீனிப்படையோ மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நான் தெற்கின் பக்கம் நிற்கிறேன். கற்கள் இரு பக்கத்திலும் உண்டு. பருவத் தொடக்கத்தில் சிறு சரிவுகூட மனிதரைப் பாறைகளில் இழுத்து உரசும் என்பதால், புதையாமலே உயிர் போகலாம்.

தளங்களுக்குள் தயார்செய்த பாதை மூன்றாவது தெரிவு. பாதுகாப்பில் அதற்கு நிகரில்லை, ஆனால் இளைஞருக்கு அது சலிக்கும். அதை நான் வற்புறுத்தவில்லை.

தாவோசிலுள்ள பனி ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிவித்தல் அங்கு மாலை 5 மணிக்கு, நமக்கு இரவு 9.30க்கு, வெளியாகிறது. அதிலுள்ள திசைவட்டத்தில் ஆபத்து மிகுந்த திசைகள் கறுப்பாகக் காட்டப்படும். ஐந்து ஆபத்து நிலைகளில் இன்று எது என்பதோடு நிறுத்தாமல், அந்த வட்டத்தையும் பார்க்க வேண்டும். புறப்படும் நாளுக்கு முந்திய இரவு நாங்கள் இருவரும் அதை ஒன்றாகப் பார்த்தோம். வட்டத்தின் மேல்பாதி, அதாவது வடக்குப் பக்கம், கறுத்திருந்தது. மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தெற்கில் கல் கீறும், ஆகவே பழைய சறுக்குப் பலகைகளையே எடுத்துப் போகிறேன் மாமா என்றார்.