பெட்ரிஃபிலிம் தகடுகள்: எண்ணுவதற்கு நன்று, பிரிப்பதற்கு அன்று

பால், பனீர், மசாலாத் தூள் ஆகியவற்றை நாள்தோறும் சோதிக்கும் சிறிய தர ஆய்வகங்களில், நுண்ணுயிர் எண்ணிக்கை என்றாலே அகர் என்ற கூழாகும் வளர்ப்பு ஊடகத்தைக் கரைத்து, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியசில் 15 நிமிடம் வைத்து, 45 டிகிரி அளவுக்கு ஆறும்வரை காத்திருந்து, பெட்ரித் தட்டில் உள்ள மாதிரியின் மீது ஊற்றிச் சுழற்றுவதிலேயே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை மிச்சப்படுத்தித் தருவதற்காகவே, ஊட்டப்பொருள் முன்பே பூசப்பட்டு வரும் பெட்ரிஃபிலிம் தகடுகளுக்குப் பணம் கொடுக்கிறோம். 3எம் நிறுவனம் 1984-இல் அறிமுகப்படுத்திய இவை, அதன் உணவுப் பாதுகாப்புப் பிரிவு 2022-இல் நியோஜன் நிறுவனத்துடன் இணைந்த பின்னர் நியோஜன் பெயரில் வருகின்றன. பல வகைகள் இருந்தாலும், அதிகம் வாங்கப்படும் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: மொத்த பாக்டீரியா எண்ணிக்கைத் தகடு, இ.கோலை–கோலிஃபார்ம் தகடு. (கோலிஃபார்ம் என்பது சுகாதாரக் குறைவைக் காட்டும் ஒரு பாக்டீரியாக் கூட்டம்; இ.கோலை அதில் ஒன்று.)

தகட்டின் அமைப்பு எளியது. கட்டம் அச்சிட்ட அடித்தாளில் ஊட்டப்பொருள்கள் உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கும். குளிர்ந்த நீரிலேயே கூழாகும் பசைப்பொருளும் நிறங்காட்டியும் மேல் படலத்தோடு சேர்ந்து வருகின்றன. படலத்தைத் தூக்கி, நடுவில் 1 மில்லிலிட்டர் மாதிரியை விட்டு, மூடி, பரப்பி என்ற சிறு அழுத்துதட்டால் மெல்ல அழுத்தினால் ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர் வட்டத்தில் அது பரவிவிடும். ஒரு நிமிடம் அசைக்காமல் விட்டால் கூழ் இறுகிவிடும். சூடான அகர் மாதிரியின் மேல் படுவதே இல்லை என்பதால், வெப்பத்தைத் தாங்காத நுண்ணுயிர்கள் ஊற்றும்போதே சாகும் பழைய சிக்கலும் இதில் இல்லை.

இரண்டு தகடுகளையும் ஒரே கைப்பழக்கத்தில் கையாளக் கூடாது. மொத்த எண்ணிக்கைத் தகட்டில் படலத்தை மாதிரியின் மேல் விழவிடலாம். கோலிஃபார்ம் தகட்டிலோ காற்றுக்குமிழி சிக்காதபடி மெல்ல உருட்டி இறக்க வேண்டும். கோலிஃபார்ம் என்று நாம் முடிவுசெய்வதே காலனியை (நுண்ணுயிர் பெருகி உண்டாக்கும் புள்ளியை) ஒட்டி நிற்கும் வாயுக்குமிழியைப் பார்த்துத்தான் என்பதால், நாமே அடைத்துவைத்த காற்று அங்கே தவறான சாட்சி சொல்லிவிடும். பரப்பியையும் திருப்பிப் பிடிக்க வேண்டும்: முதலாவதற்குக் குழிந்த பக்கம் கீழே, இரண்டாவதற்குத் தட்டைப் பக்கம் கீழே. புதிதாகச் சேரும் உதவியாளருக்குப் பயிற்சியில் முதலில் சொல்ல வேண்டியவை இவைதாம்.

எண்ணும் வேளையில்தான் இந்தத் தகட்டின் அருமை தெரிகிறது. உயிருள்ள செல்கள் நிறங்காட்டியான டெட்ரசோலியம் சாயத்தை ஒடுக்கிச் சிவப்பாக மாற்றுவதால் காலனிகள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. வெளிறிய அகரில் மிளகுத்தூள் துகளையும் காலனியையும் பிரித்தறியக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 25 முதல் 250 காலனிகள் வரை நம்பி எண்ணலாம். நூறு மடங்கு நீர்த்த பாலில் 142 காலனிகள் வந்தால் மில்லிலிட்டருக்கு 14,200 என்று எழுதிவிடலாம். எண்ணிக்கை மிகுந்துபோனால் சில கட்டங்களில் எண்ணிச் சராசரி எடுத்து 20-ஆல் பெருக்கி மதிப்பிடலாம். வட்டம் முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாகி, தனிக் காலனி எதுவும் தென்படாவிட்டால், அதைச் சுத்தமான மாதிரி என்று எண்ணி ஏமாறாமல் மேலும் நீர்த்து மறுபடி செய்ய வேண்டும். இந்தத் தகட்டுக்கு சோதனை முறைகளைச் சரிபார்த்து ஏற்கும் பன்னாட்டு அமைப்பான ஏஓஏசியின் 990.12 என்ற அதிகாரபூர்வ முறை இருப்பதால், வாடிக்கையாளரின் தணிக்கையில் பதில் சொல்வதும் கடினமல்ல.

கோலிஃபார்ம் தகட்டில் வாயுவோடு கூடிய சிவப்புக் காலனி கோலிஃபார்ம். வாயுவோடு கூடிய நீலக் காலனி இ.கோலை. நீலம் வருவது குளுக்குரோனிடேஸ் என்ற நொதியால். ஆனால் கடுமையான நோயை உண்டாக்கும் O157:H7 என்ற இ.கோலை வகையில் பெரும்பாலும் அந்த நொதி செயல்படுவதில்லை என்பதால் அது நீலமாகத் தெரியாது. நீலம் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த வகை இல்லை என்று சான்றிதழ் எழுதுவது ஆபத்தானது.

ஒரு நுண்ணுயிரை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கும் வேலைக்கு இந்தத் தகட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். படலத்தைத் தூக்கிக் கூழிலிருந்து காலனியை ஊசியால் எடுக்க முடியும் என்பது உண்மையே. எனினும் காலனியின் விளிம்பு, மேடு, பளபளப்பு என அகரின் மேற்பரப்பில் பார்த்துப் பழகிய அடையாளங்கள் படலத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கின்றன. கோடிழுத்துத் தூய வளர்ப்பு எடுக்க எப்படியும் அகர்த் தட்டுக்குத்தான் போயாக வேண்டும். கூழைக் கரைத்துவிடும் சில பேசில்லஸ் இனங்கள் மிகுந்த மாதிரிகளிலும் எண்ணிக்கை குழம்பும். தயிர் போன்ற புளித்த மாதிரியை நடுநிலைக்குக் கொண்டுவராமல் விடுவதும், சிட்ரேட், தயோசல்பேட் கலந்த நீர்த்தக் கரைசலைப் பயன்படுத்துவதும் வளர்ச்சியைக் கெடுக்கும்.

விலையைப் பொறுத்தவரை, தகட்டுக்குத் தகடு ஒப்பிட்டால் ஆய்வகத்திலேயே தயாரிக்கும் அகர் மலிவு. நாளுக்கு நான்கைந்து மாதிரி மட்டுமே வரும் இடத்திலும், ஊடகம் தயாரிக்கத் தனி ஆள் இல்லாத இடத்திலும் கணக்கு மாறிவிடும். தகடுகளை 20 வரை அடுக்கலாம் என்பதால் சிறிய இன்குபேட்டரே போதும். காலனியின் வடிவத்தையும் பிரித்தெடுப்பையும் மாணவர்களுக்குக் கற்பிக்கும் கல்லூரிகள் இதை வாங்குவதில் பொருளில்லை. திறக்காத பைகளைக் குளிர்பதனப் பெட்டியில் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்த பையை ஈரம் புகாமல் மடித்து ஒட்டி, அறையில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர்க் கடலோர ஈரப்பதத்தில் இதை அலட்சியமாக விட முடியாது.

இனி ஆட்டோகிளேவே வேண்டாம் என்று விற்பனையாளர் யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நீர்த்தக் கரைசலைக் கிருமிநீக்கம் செய்யவும், எண்ணி முடித்த தகடுகளைக் குப்பைக்கு அனுப்பும் முன் அவற்றில் உள்ள நுண்ணுயிர்களைக் கொல்லவும் அது தேவைப்படும்.