கும்பகோணத்து பைண்டிங் கடையும் அப்பாவின் 17 கட்டுகளும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பாத்திரக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருக்கிறது. வாசலில் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருக்கும். உள்ளே ஒரு கட்டிங் மெஷின், ஒரு இரும்புப் பிரஸ், காய்ச்சிய பசையின் வாசனை. எழுபதைத் தாண்டிய பைண்டர் ஒருவரும் அவருடைய மருமகளும் வேலை செய்கிறார்கள். என் அப்பாவின் வாழ்நாள் உழைப்பை நான் கொண்டுபோய்க் கொடுத்த இடம் இதுதான். இன்னொரு முறை கொடுக்க நேர்ந்தாலும் இங்கேதான் கொடுப்பேன்.

அப்பா மன்னார்குடியில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தார். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுப்பதில் அவருக்குத் தீராத ஆசை. விடுமுறை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு தாராசுரம் போய்விடுவார். இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயிலின் விரற்கடைச் சிற்பங்களைப் படமெடுத்து வந்து, இரவெல்லாம் பென்சிலில் வரைவார். சென்னைக்கு அருகே ஓவியர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் கிராமம் 1966இல் தொடங்கப்பட்டபோது, உடன் படித்த நண்பர் ஒருவர் அங்கே குடியேறினார். மெழுகு பூசிச் சாயமிடும் பாட்டிக் துணி செய்து விற்றுத்தான் அந்த ஓவியர்கள் அப்போது பிழைத்தார்கள். அந்த நண்பர் அப்பாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்களில் இரண்டில் மெழுகுச் சொட்டு இன்னும் இருக்கிறது.

அப்பா போன பிறகு அவர் கட்டிவைத்த கட்டுகள் எல்லாம் டிரங்குப் பெட்டிகளில் கிடந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் ஓட்டுக்கூரையில் பாதியைப் பிரித்துப் போட்டது. மேலே இருந்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நனைந்த புகைப்படங்களை வெயில் வந்ததும் முற்றத்தில் அப்படியே அடுக்காகக் காயவைத்தேன். காய்ந்தபின் பிரித்தபோது ஒரு படத்தின் முகம் அடுத்த படத்தின் முதுகோடு உரிந்து வந்தது. முப்பதுக்கு மேல் போயின. ஈரம் காய்வதற்கு முன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியே முகம் மேலாகக் காயவைத்திருக்க வேண்டும் என்று இந்த பைண்டர்தான் பிறகு சொன்னார். டெல்டாவில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பயந்துபோய் அடுத்து நான் செய்த காரியம் அதைவிடக் கேடு. வேறோர் ஊரில், வேறொரு கடையில், “நூறு வருஷம் கெடாது” என்றார்கள் என்று ஒன்பது பென்சில் ஓவியங்களை லேமினேஷன் செய்துவிட்டேன். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தாளின் இழைக்குள்ளேயே போய்விட்டது. பைண்டர் அந்த ஒன்பதையும் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “இதற்கு என்னிடம் வழி இல்லை அம்மா. திரும்ப எடுக்க முடியாததைத் தாளுக்குச் செய்யவே கூடாது” என்று திருப்பித் தந்தார்.

அந்த ஒரு சொல்லை அவர் வேலை முழுவதிலும் பார்த்தேன். கிழிசலுக்கு செல்லோடேப் கிடையாது. பழைய டேப் பழுப்பேறிக் கிடந்த இடங்களையும் வலிந்து உரிக்கவில்லை. மெல்லிய நார்த்தாளைக் கையால் கிழித்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் பின்புறம் ஒட்டுகிறார். ஈரம் காட்டினால் அது மறுபடி கழன்றுவரும். நோட்டுப் புத்தகங்களுக்கு மைதாவும் மயில்துத்தமும் போட்டுக் காய்ச்சும் பசையை அப்பாவின் தாள்கள் பக்கமே கொண்டுவரவில்லை. துருப்பிடித்த ஜெம் கிளிப்புகளையும் இறுகிப்போன ரப்பர் பேண்டுகளையும் மருமகள் மூன்று நாள் உட்கார்ந்து எடுத்தார். அதற்குப் பதிலாகச் சாயம் போடாத பருத்தி நாடா. லினோ அச்சுகளில் மையின் எண்ணெய் சுற்றிலும் மஞ்சளாகப் பரவியிருந்தது. எதிர்த்தாளிலும் அதன் நிழல் விழுந்திருந்தது. அவற்றுக்கு இடையில் புதுச்சேரியில் பருத்திக் கந்தலிலிருந்து செய்யும் கைத்தாளை வைத்தார். புகைப்படங்களுக்கு மட்டும் சுண்ணம் சேர்க்காத தாள் வேண்டும் என்று தனியாக வரவழைத்தார். செய்தித்தாள் நறுக்குகள் தம் அமிலப் புளிப்பை அடுத்த தாளுக்கும் ஏற்றிவிடும் என்பதால் தனி உறை.

ஆனால் அவர் மீது எனக்கு நம்பிக்கை வந்தது இதனால் எல்லாம் இல்லை. முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். பிரித்து அடுக்குவது என் கைப்பழக்கம். கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், ஓவியம் ஒரு பக்கம் என்று முதல் கட்டை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார்.

“இதைக் கட்டியது யார்?”

“அப்பாதான்.”

“அப்படியென்றால் ஏன் சேர்த்துக் கட்டினார் என்று தெரிகிறவரை அவிழ்க்க வேண்டாம்.”

மெதுவாகப் பார்த்தோம். நாற்று நடும் பெண்களின் ஆறு சிறு புகைப்படங்கள். கூட்டுறவுச் சங்க நோட்டீஸின் பின்புறம் பென்சிலில் ஒரு படம். அதில் ஆறு பெண்கள் நான்காகிவிட்டார்கள். பிறகு மூன்று சோதனை அச்சுகள். மூன்றாவதில் ஒரு பெண்ணின் முதுகை மட்டும் அப்பா மறுபடி செதுக்கியிருக்கிறார். கடைசியில் ஒரு ரசீது, லினோலியம் வாங்கியது. எங்கள் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தப் படம் எப்படிப் பிறந்தது என்று இத்தனை வருடம் கழித்து அந்தக் கடையின் தரையில் உட்கார்ந்துதான் அறிந்தேன். நான் நினைத்தபடி பிரித்திருந்தால் ரசீதைக் குப்பையில் போட்டிருப்பேன். இப்போது 17 கட்டுக்கும் எண் உண்டு. உறைகள் வேறு வேறாக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் கட்டு எண்ணும் வரிசை எண்ணும் மென்மையான பென்சிலில் எழுதியிருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவைத் தொடவிடவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாற்பது நாளில் தருவதாகச் சொன்னார், நான்கு மாதம் ஆயிற்று. பள்ளி திறக்கும் நேரத்தில் நோட்டு வேலை வந்தால் மற்றதெல்லாம் ஓரம் போய்விடுகிறது. போனில் கேட்டால் பதில் வராது. நேரில் போக வேண்டும். நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக பஸ்ஸில் ஐந்து முறை அலைந்தேன். கட்டுகளை வைக்க முதலில் செய்த மூன்று பெட்டிகளுக்குச் சிவப்புக் காலிகோத் துணி ஒட்டியிருந்தார். ஈர விரலால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் வந்தது. ஒழுகும் வீட்டுக்கு அது ஆகாது என்றேன். மறுபேச்சில்லாமல் உரித்துவிட்டுச் சாயமில்லாத துணியில் செய்து கொடுத்தார், பணம் கேட்கவில்லை. பெட்டிகள் கனமானவை. ஒரு பெட்டியை நிரப்பித் தூக்க எனக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

பெட்டி ஒன்றுக்கு 480 ரூபாய், 14 பெட்டிகள். தாள் பழுதுபார்ப்பதற்கு நாள் கணக்கில் கூலி. ஸ்கேன் செய்வதில்லை. நெகட்டிவ்களை வாங்க மறுத்துவிட்டார். டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம் அது. “எனக்குத் தெரியாத வேலை” என்று சொல்லி, அந்த ஆவி நல்ல ஃபிலிமையும் கெடுக்கும் என்பதால் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்து காத்த புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு இதற்காக எழுதியிருக்கிறேன்.

புறப்படும்போது வசம்பை இடித்துத் துணியில் முடிந்து பெட்டிக்கு ஒன்றாகத் தந்தார், தாளில் படாமல் மூலையில் வைக்கச் சொல்லி. இராமபாணப் பூச்சிக்கு அவர் வீட்டு வழக்கமாம். மாதம் ஒரு முறை நானே திறந்து பார்த்துவிடுகிறேன்.

போக நினைப்பவர்கள் ஆவணிக்குள் போய்விடுங்கள். ஐப்பசி அடைமழையில் பசை காயாது என்று பழைய தாள் எதையும் அவர் கையில் வாங்குவதில்லை.