மறையூர் முனியறை ஜீப் பயணம்: தேயிலைக்கு முந்தைய மலையைப் பார்க்க

மூணாறுக்கு வருகிறவர்கள் தேயிலைக் காட்டில் போட்டோ எடுத்து, மாட்டுப்பட்டி அணையில் போட் ஏறி, சாக்லேட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பூஞ்சாறு அரசரிடம் 1877-ல் மன்றோ துரை மலையைக் குத்தகைக்கு எடுத்தார், 1880-ல் ஷார்ப் துரை பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார் என்பதிலிருந்துதான் எங்களுக்கும் வரலாறு ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இங்கே யானையும் காடும் மட்டும்தான் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை நாங்கள். மறையூர் முனியறைகளை, அதாவது பழங்கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கல்லால் எழுப்பிய அறைகளை, காட்டி அந்த நினைப்பை மாற்றுகிற பயணம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூணாறில் காலையில் ஏற்றிக்கொண்டு, மறையூர் சுற்றிக் காட்டி, சாயங்காலம் கொண்டுவந்து விடும் ஜீப் சர்வீஸ். டிரைவர்தான் வழிகாட்டியும். எங்களுக்கு வந்த தம்பி அஞ்சுநாட்டுக்காரர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்களும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்ததாகச் சொல்லும் தமிழ்க் குடிகள். என் அம்மாவை 'அம்மா, பையப் பைய வாங்க' என்று கைபிடித்து இறக்கிவிட்டதிலேயே எனக்குப் பாதி திருப்தி.

முதலில் நல்லதண்ணி டீ மியூசியம். கூட்டமெல்லாம் கொழுந்து உருட்டும் மெஷினைச் சுற்றித்தான் நிற்கும். டிரைவர் தம்பி எங்களை நேராகப் பெரியகானல் பக்கம் கிடைத்த முதுமக்கள் தாழியிடம் கூட்டிப்போனார். தேயிலை வருவதற்கு ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த உயரத்தில் செத்தவர்களை முறையாகத் தாழியில் வைத்துப் புதைத்த மக்கள் இருந்திருக்கிறார்கள். 1913-ல் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் தொழிற்பள்ளியில் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும் அங்கே இருக்கிறது. 'நாசரேத்தா? நம்ம ஊர்ப் பக்கமாச்சே' என்று அம்மா அதை விட்டு நகரவே இல்லை. குண்டளை ரயிலின் சக்கரத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். 1908-ல் நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கிய தண்டவாளத்தை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதுவரை தேயிலைப் பெட்டிகள் அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் போய், ரோப்வேயில் போடிப் பக்கத்து அடிவாரக் கொட்டகுடிக்கு (அஞ்சுநாட்டுக் கொட்டகுடி வேறு) இறங்கி, போடி போய்ச் சேர்ந்தன. எங்கள் தாத்தா தலைமுறை அதே போடி வழியாகத்தான் கால்நடையாக மலையேறி வந்தது.

அங்கிருந்து மறையூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். தலையாறு தாண்டியதும் காற்று மாறிவிடும். மூணாறில் கொட்டுகிற மழை மறையூரை எட்டுவதில்லை. மழை மறைவுப் பகுதியான இந்த வறண்ட மண்ணில்தான் சந்தனம் தானாக வளர்கிறது. ரோட்டோரத்தில் கம்பிவேலிக்குள் சந்தன மரங்களைப் பார்க்கலாம். இறங்க விடமாட்டார்கள், அது சரிதான்.

இனி முனியறைகள். கோவில்கடவுக்குப் பக்கத்தில், கீழே பாம்பாறு ஓடும் பாறை மேட்டில் இருக்கின்றன. மூன்று பக்கமும் கல்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடியாக வைத்த கற்திட்டைகள். சில நன்றாக நிற்கின்றன. சிலவற்றில் பக்கக்கல் சாய்ந்து மூடுகல் ஒரு முனையில் மண்ணைத் தொடுகிறது. நான் ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். நம் காலடியில் இருக்கும் பாறையும் பலகைக்கல்லும் ஒரே நிறம், ஒரே வரி. மூடுகல்லின் மேற்பக்கம் வெயிலிலும் மழையிலும் வழவழப்பாகியிருக்கிறது. அடிப்பக்கம் இன்னும் சொரசொரப்பு மாறவில்லை. சுண்ணாம்போ சாந்தோ எதுவும் இல்லாமல், கல்லின் கனத்தையே நம்பி நிற்கிறது. எத்தனை பேர் சேர்ந்து இதைத் தூக்கியிருப்பார்கள், யாருக்காகத் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

அதே கல்லில் வெள்ளை பெயின்ட்டில் இரண்டு பேர் பெயரும் நடுவே அம்புவிட்ட இதயமும். எனக்கு ரத்தம் கொதித்தது. டிரைவர் தம்பி ஒன்றும் பேசாமல் உள்ளே கிடந்த தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். என் மகன் மூடுகல்லில் ஏறப்போனபோது, 'ஏறாத கண்ணு, பெரியவங்க படுத்திருந்த இடம்' என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே இந்த சர்வீஸுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குறையும் இருக்கிறது. பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய கதையை அழகாகச் சொல்கிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் கூடவே 'கற்காலம், பத்தாயிரம் வருஷம்' என்றும் அடித்துவிடுகிறார்கள். தென்னாட்டில் இப்படிப் பெரிய கற்களால் எழுப்பிய ஈமச்சின்னங்கள் (பெருங்கற்காலச் சின்னங்கள் என்பார்கள், கற்காலம் வேறு) பெரும்பாலும் கி.மு. 1000-ஐ ஒட்டித் தொடங்கி கி.பி. முதல் நூற்றாண்டுகள் வரை எழுப்பப்பட்டவை. இரும்பு புழங்கிய, கறுப்பு சிவப்புப் பானை வனைந்த மக்களுடைய வேலை. உண்மை வயதே பெரிய வயதுதான், அதைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. வழிகாட்டிகளுக்கு சர்வீஸ்காரர்கள் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று, கரும்பாலை. மறையூர் சர்க்கரை என்கிற உருண்டை வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொப்பரையில் பாகு இறங்கி, மரத்தொட்டியில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிப்பதைப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். எங்களைப் பத்து நிமிடத்தில் கிளப்பி, பக்கத்துக் கடையில் சாமான் வாங்கச் சொல்லி அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கும் எனக்கும் அது பிடிக்கவில்லை. தென்காசிநாதர் கோவிலில் நடை சாத்தியிருந்ததால் வெளியே நின்று கும்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: வாடகை, நிற்கும் இடங்கள், கடையில் நிறுத்தக்கூடாது என்பது எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். பாறை மேட்டில் நிழலே கிடையாது, உச்சி வெயிலில் செருப்பு இல்லாமல் கால் வைக்க முடியாது. அதனால் மியூசியத்தைக் கடைசிக்குத் தள்ளி, விடியலிலேயே மறையூருக்கு விடச் சொல்லுங்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து வருகிறவர்களுக்கு மறையூர்தான் முதலில் வரும் என்பதால் அங்கிருந்தே ஜீப் பிடிப்பது லாபம். முட்டுவலி உள்ளவர்கள் மேடு ஏறத் தயங்கினால் டிரைவரிடம் சொல்லுங்கள், வண்டி போகிற வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார்கள். என் அம்மா அப்படித்தான் வந்தார். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஐந்துக்கு நான்கு.