எண்ணெய் டின் வாங்குறவங்க கவனம்! பழைய டின்னுக்குப் புது ஸ்டிக்கர், எனக்குப் போனது 14,800 ரூபா

ஹட்டன் பக்கம் எண்ணெயை டின்னாக வாங்குற எல்லாரும் தயவுசெய்து இதை வாசிங்க. எனக்கு இன்னும் கோவம் அடங்கல. வீட்டிலேயே வடை, ரோல்ஸ் சுட்டு ஓடருக்குக் குடுக்கிறவ நான். டவுன்ல ஒரு மொத்தக் கடையில பெரிய தகர டின்னில தேங்காய் எண்ணெய் வாங்கினேன். 14,800 ரூபா.

மூடியில ஈயம் வச்சு ஒட்டின தடம் இருந்துச்சு. கேட்டேன். அந்தத் தம்பி டின்னைத் தட்டிக் காட்டி, "சீல் டின் அக்கா, எங்க வீட்டுக்கும் இதுதான் போகுது. உங்களுக்குப் போய் மோசமானதைக் குடுப்பேனா?"ன்னான். அவனோட அம்மாவும் எங்க தோட்டத்து ஆளாம். அதுக்கு மேல என்னத்தக் கேக்கிறது? அவனே தூக்கிட்டு வந்து பஸ்ஸிலயும் ஏத்தி விட்டான்.

திறந்ததுமே காறல் வாடை. எண்ணெயை வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு டோர்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள அடி மூலையெல்லாம் துரு. மூட்டு ஓரத்துல பழைய எண்ணெய் பிசினாட்டம் இறுகிக் கிடக்கு. ஸ்டிக்கரை நகத்தால உரிச்சா அடியில இன்னொரு ஸ்டிக்கர்: பாம் எண்ணெய், காலாவதி போன வருஷம்!

திருப்பிக் கொண்டு போனா, "உடைச்ச டின் எடுக்க மாட்டோம்." அடுத்த முறை, "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்." அதுக்கப்புறம், "நல்லா காய்ச்சுங்க அக்கா, வாடை போயிரும்." இப்ப போனே எடுக்கிறதில்ல. அக்கா அக்கான்னு கூப்பிட்ட அதே வாய்! பில்லிலயும் "எண்ணெய் டின் 1, 14,800" மட்டும்தான், கடை பேரே இல்ல.

காய்ச்சினா வாடை கொஞ்சம் அடங்கலாம், கெட்டுப்போன எண்ணெய் நல்லதாகாது. டின்னில இருக்கிறது இரும்புத் தகடு, மேல மெல்லிசா வெள்ளீயப் பூச்சு. திருப்பித் திருப்பிக் கழுவி, தட்டி, ஒட்டினா பூச்சு போயிரும், துரு பிடிக்கும். இரும்பு பட்டா எண்ணெய் இன்னும் சீக்கிரம் காறிப்போகும். மூட்டுல ஒட்டின பழசும் புது எண்ணெயைக் கெடுக்கும். பத்த வைக்கிற ஈயத்துல காரீயம் கலந்திருந்தா அது பிள்ளைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஊறுகாய் போடுறவங்க காலி டின் பக்கமே போகாதீங்க, புளிப்பும் உப்பும் உலோகத்தைக் கரைச்சு எடுத்துரும். டின்னில அடைச்ச சாப்பாட்டுக்கே ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம்தான் சர்வதேச உச்ச அளவு. அது ரொம்பக் கூடினா வாந்தியும் வயித்துவலியும் வரலாம்.

உடம்புக்குக் கேடான உணவை விக்கிறது 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். பிஎச்ஐகிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எழுதிக் குடுத்திருக்கேன், 14,800 ரூபா இன்னும் கைக்கு வரல.

வேலை கிடக்கு, சுருக்கமா சொல்றேன். ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் இருக்கான்னு உரிச்சுப் பாருங்க. ஒட்டுப்போட்ட மூடி, பெயின்ட் பூசின டின் வேண்டவே வேண்டாம். கடை பேர் போட்ட பில் கேளுங்க. ஏமாத்தினா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977ங்கிற நம்பர்ல போன் அடிங்க, டின்னை மட்டும் வீசிராதீங்க, அதுதான் சாட்சி.