நாலு போர்ட் சீரியல் கார்ட்: சாமான் ஓகே, ட்ரைவரைத்தான் பாக்கோணும்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில பெயர் கூட இல்லாத வெள்ளைப் பெட்டியில ஒரு நாலு போர்ட் சீரியல் கார்ட் விக்கிறாங்கள் தெரியுமோ, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்ல போடுறது, அதைப் பத்தித்தான் எழுதுறன். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வாங்கினது. அங்க மூண்டு எலெக்ட்ரோனிக் தராசு, ஒரு பழைய பில் பிரிண்டர், எல்லாம் ஆர்எஸ்232, அதாவது பழைய சீரியல் போர்ட்ல குத்துற சாமான். யூஎஸ்பி தராசுக்கு மாத்துவமோ எண்டு கேட்டதுக்கு முதலாளி "தராசு நல்லாத்தானே நிறுக்குது தம்பி, ஏன் மாத்தோணும்" எண்டிட்டார், அதுவும் ஞாயம்தான்.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் நாலு குத்தலாம்தான், ஆனா மலிவான சிஎச்340 சிப் போட்ட வயர்களுக்குத் தனித்தனி சீரியல் நம்பர் இல்லை, இடம் மாத்திக் குத்தினா எது எந்தத் தராசெண்டு கொம்பியூட்டருக்குக் குழம்பும். பழைய ப்ரொலிஃபிக் எச்எக்ஸ்ஏ சிப் வயர் வச்சிருக்கிற ஆக்களுக்கு விண்டோஸ் 11ல சப்போர்ட்டே இல்லை. அதால கார்ட்தான் சரி.

கார்டை வாங்கேக்க பெட்டியைப் பாக்காதீங்க, சிப்பைப் பாருங்க. இதில இருக்கிறது டபிள்யூசிஎச் கொம்பனியின்ட சிஎச்384. கவுண்டர்ல நிண்ட பெடியன் "ட்ரைவர் சிடில இருக்கு அண்ணா" எண்டான், இந்தக் காலத்தில எந்த கொம்பியூட்டர்ல சிடி ட்ரைவ் இருக்கு, சொல்லுங்க பாப்பம். சிப் கொம்பனியின்ட சைட்ல இருந்து எடுத்துப் போட்டன், விண்டோஸ் 11 ஒரு முணுமுணுப்பும் இல்லாம ஏத்துக்கொண்டுது. இது சின்ன விசயமில்லை, 64 பிட் விண்டோஸ் டிஜிட்டல் கையெழுத்து (சைன்) இல்லாத கர்னல் ட்ரைவரை, அதாவது சிஸ்டத்தின்ட உள்மையத்தில ஓடுற ட்ரைவரை, உள்ளுக்கே விடாது, பழைய சிப் கார்ட் கனக்க இப்ப குப்பையாப் போனது அதாலதான்.

ஆனா கொம் நம்பர்ல, அதாவது விண்டோஸ் ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் குடுக்கிற நம்பர்ல, ஒரு கூத்து நடந்துது. முந்திக் குத்திக் கழட்டின யூஎஸ்பி வயர்கள் எல்லாம் ஒவ்வொரு நம்பரைப் பிடிச்சு வச்சிருந்ததால புதுக் கார்டுக்குக் கிடைச்சது கொம்17ல இருந்து மேல. கடை சொஃப்ட்வெயர் விபி6ல (பழைய விசுவல் பேசிக்) எழுதினது, அதில சீரியல் போர்ட்டோட கதைக்கிற எம்எஸ்கொம் கொன்ட்ரோல் 16க்கு மேல போகாது, தராசு ஒண்டும் தெரியேல்ல. டிவைஸ் மனேஜர்ல மறைஞ்சு கிடக்கிற பழைய டிவைஸ்களைக் காட்டச் சொல்லி அதுகளை அழிச்சுப்போட்டு, போர்ட் செட்டிங்ஸ் அட்வான்ஸ்ட்டுக்குள்ள போய் நம்பரை 5, 6, 7, 8 எண்டு கையால மாத்தினாப் பிறகுதான் "எஸ்டி, ஜிஎஸ், +0012.35 கேஜி" எண்டு தராசு காட்டுற நிறை வரி வரியா வந்து விழுந்துது. இதில கார்டின்ட பிழை ஒண்டும் இல்லை.

பின்னுக்கு ஸ்டோர் கொம்பியூட்டர்ல டெபியன் 12 லினக்ஸ். அதிலயும் இதே கார்ட் ஒண்டு போட்டன். ட்ரைவர் தேடவே தேவையில்லை, கர்னல்ல இருக்கிற 8250 ட்ரைவரே 1சி00:3470 எண்ட ஐடியைப் பாத்துப் பிடிச்சிடும். ஆனா நாலில மூண்டு போர்ட்தான் வந்துது! கர்னல் எழுதி வைக்கிற மெசேஜைக் காட்டுற டிமெசேஜ்ல பாத்தா போர்ட்டை ரெஜிஸ்டர் பண்ண ஏலாது, எரர் மைனஸ் 28, அதாவது இடமில்லை. விசயம் என்னெண்டா டெபியன்ல தொடக்கத்தில நாலு சீரியல் போர்ட்டுக்குத்தான் இடம், மதர்போர்ட்ல இருக்கிற ஒண்டு முதலாவதை எடுத்திடும். லினக்ஸைத் தொடக்கி வைக்கிற கிரப்பின்ட வரியில 8250 இன்ட என்ஆர் யூஆர்ட்ஸ் செட்டிங்கை 8 ஆக்கி கிரப்பை அப்டேட் பண்ணி ரீபூட் பண்ணினாச் சரி. பெட்டிக்குள்ள இருந்த துண்டுக் கடதாசியில இதைப் பத்தி ஒரு சொல்லும் இல்லை, "லினக்ஸ் சப்போர்ட்" எண்டு மட்டும் கொட்டை எழுத்தில.

ஆக்கள் மொக்ஸா கொம்பனியின்ட கார்டை வாங்கு எண்டுவினம். நல்ல சாமான்தான், விலையும் அப்பிடித்தான், பழைய பிசிஐ கார்டுகளுக்கும் லினக்ஸ் கர்னல்லயே ட்ரைவர் இருக்கு. ஆனா செகன்ட் ஹேண்ட்ல சைக்லேட்ஸ், கொம்ட்ரோல் ரொக்கெட்போர்ட் மாதிரிப் பழைய சீரியல் கார்ட் ஏதும் மலிவா வந்தா அந்தப் பக்கம் போகாதீங்க, பாக்க ஆளில்லாமல் அதுகளின்ட ட்ரைவரை 2021ல கர்னல்ல இருந்தே தூக்கிட்டாங்கள்.

குறை எண்டா வயர். ஒரு பெரிய கனெக்டர்ல இருந்து நாலு வால் பிரியுது, பி1, பி2 எண்டு ஒட்டின ஸ்டிக்கர் கொழும்பு வேர்வைக்கு நிக்காது, மார்க்கரால எழுதி வையுங்க. ஐசொலேஷனும் இல்லை, அதாவது வயரில வாற கரண்ட் கொம்பியூட்டருக்குள்ள போகாமல் பிரிச்சு வைக்கிற பாதுகாப்பு. ஏப்ரல் மாசம் பின்னேரம் இடி இடிக்கேக்க பக்கத்துக் கட்டடத்தில இருந்து வயர் இழுத்து இதில குத்துற ஐடியா இருந்தா இதை வாங்காதீங்க, ஐசொலேஷன் உள்ள கார்டா கேட்டு வாங்குங்க. ஒரே கடைக்குள்ள அஞ்சாறு மீட்டர் வயருக்கு இது தாராளம்.