சொன்னால் போதுமா, செய்ய வேண்டுமா?

செய்முறைத் தேர்வு நாள். நான்காவது மேசையில் தேர்வாளராக நான் உட்கார்ந்திருந்தேன். தரையில் நோயாளிக்குப் பதிலாக ஒரு பயிற்சிப் பொம்மை. அதன் தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், முகமூடி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக். மணி அடித்ததும் உள்ளே வந்த மாணவர் பொம்மையின் பக்கம் திரும்பாமல் என் முகத்தைப் பார்த்தார்.

“சொன்னால் போதுமா மேடம், செய்ய வேண்டுமா?”

செய்யுங்கள் என்றேன். “கையுறை அணிந்துகொண்டேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது” என்று ஒப்பித்துக்கொண்டே வெறுங்கையோடு மண்டியிட்டார். “15 லிட்டர் ஆக்சிஜன் கொடுக்கிறேன்” என்று முகமூடியை மாட்டினார். சிலிண்டரைத் திறக்கவே இல்லை. முகமூடியின் கீழே தொங்கும் பை காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிக் கிடந்தது. என் கையில் இருந்த தாளிலோ “ஆக்சிஜன் அளவைச் சொல்கிறார்” என்று ஒரு கட்டம். சொன்னார், டிக் போட்டேன். மாலையில் கூட்டிப் பார்த்தபோது அந்த மேசையில் அவருக்குத்தான் அதிக மதிப்பெண்.

அந்த ஆண்டுதான் எங்கள் அவசர சிகிச்சை டெக்னீஷியன் படிப்பின் தேர்வு முறையை மாற்றுவது என்று உட்கார்ந்து பேசினோம். ஓராண்டுப் படிப்பு, 40 மாணவர்கள், 3 பயிற்றுநர்கள். எங்கள் முன் இருந்தவை நான்கு: எழுத்துத் தேர்வு, ஆஸ்கி எனப்படும் மேசை மேசையாக நடக்கும் செய்முறைத் தேர்வு, ஆம்புலன்ஸில் கூடவே போய்ப் பார்த்து மதிப்பிடுவது, ஆண்டு முழுவதும் சொல்லாமல் கொள்ளாமல் வைக்கும் சில நிமிடச் சோதனை. நான் கடைசியாகச் சொன்னதன் கட்சி. நடுநிலை வேடம் போட்டு எழுத எனக்கு வராது.

எழுத்துத் தேர்வைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொள்குறி வினாத்தாள் மலிவு, திருத்துவது எளிது, பாரபட்சம் என்று யாரும் கொடி பிடிக்க முடியாது. மருந்தின் அளவு, கிளாஸ்கோ மயக்க அளவுகோலில் 3க்கும் 15க்கும் இடையில் நோயாளி எங்கே நிற்கிறார் என்பதையெல்லாம் தாளில் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியிலேயே 25 கேள்விகள் கொண்ட தாள் உண்டு. 84 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. அப்படித் தேறியவரையும் பொம்மையின் முன் மண்டியிடவைத்துப் பார்க்காமல் அவர்கள் தேர்ச்சி அட்டை கொடுப்பதில்லை. காரணம் எங்கள் வகுப்பிலேயே கிடைத்தது. இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் கரையில் போட்ட மீனைப் போல வாய் திறந்து திறந்து மூடும், விட்டுவிட்டு ஓர் இழுப்பு வரும். அது மூச்சில் சேராது என்று தாளில் சரியாகக் குறித்த மாணவி ஒருவர், எங்கள் உதவியாளர் தரையில் படுத்து அதே மாதிரி இழுத்துக் காட்டியபோது, “மூச்சு இருக்கிறது மேடம்” என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வைப் பற்றி ஒரு வரி போதும். மாணவருக்குத் தெரிந்ததைவிடத் தேர்வாளர் காலையில் எந்த மனநிலையில் கிளம்பினார் என்பதைத்தான் அது அதிகம் அளக்கிறது.

ஆஸ்கியை அப்படித் தள்ளிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் உருவாக்கி 1975இல் எழுதி வெளியிட்ட முறை இது. அதற்கு முன்னால் மருத்துவ மாணவரின் தலையெழுத்து அவருக்கு வாய்த்த ஒரு நோயாளியிடமும் ஒரு தேர்வாளரிடமும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே மேசைகள், ஒரே நேரம், ஒரே தாள் என்று வந்ததும் அந்த அதிர்ஷ்டக் கணக்கு பெருமளவு அடிபட்டுப் போனது. எங்களிடமும் ஆஸ்கி வந்த பிறகுதான் “அவருக்கு வேண்டியவர்” என்ற முணுமுணுப்பு ஓய்ந்தது. நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கணக்கு தெரியும். 8 மேசைகள். ஒவ்வொன்றிலும் 6 நிமிடம், இடம் மாற 1 நிமிடம். 8 பேர் ஒரு சுற்று முடிக்க 56 நிமிடம். 40 பேருக்கு 5 சுற்று, அதாவது இடைவேளையே இல்லாமல் 4 மணி 40 நிமிடம். 8 தேர்வாளர்கள் வேண்டும், நாங்கள் இருப்பதோ மூவர். வார்டிலிருந்து கெஞ்சிக் கூட்டிவந்த செவிலியர் அக்காமார் நான்காவது சுற்றில் கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையால் வேறொன்றை டிக் செய்வார்கள். குறை சொல்ல மாட்டேன். இரவுப் பணி முடித்துவிட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கேள்வி கசிவது தனிக் கதை. முதல் சுற்றில் போனவர் வெளியே வந்ததும் மூன்றாம் மேசையில் பாம்புக்கடி என்று செய்தி பரவிவிடும். ஒருமுறை நடுவில் கேள்வி அட்டையை மாற்றித் தேள்கடி வைத்தோம். அடுத்து உள்ளே வந்த பையன் நான் அட்டையை வாசித்து முடிப்பதற்குள் காலை அசைக்காமல் கட்டை வைத்துக் கட்டத் தொடங்கிவிட்டான். கடிபட்டது கையில்.

பிறகு அந்த டிக் தாள். கட்டங்களுக்கெல்லாம் ஒரே எடை என்றால் 20இல் 18 எடுத்தவர் கெட்டிக்காரர் ஆகிவிடுவார். அவர் விட்ட இரண்டில் ஒன்று மூச்சுப்பாதையைத் திறப்பதாக இருந்தால் நோயாளி இல்லை. சொன்னாலே மதிப்பெண் என்ற வழக்கமும் எங்கள் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் அவசர மருத்துவப் பணியாளர்களைப் பதிவுசெய்யும் தேசியப் பதிவகத்தின் செய்முறைத் தாள்களிலேயே கையுறை விஷயத்தில் ‘அணிகிறார் அல்லது சொல்கிறார்’ என்றுதான் இருந்தது. தேர்வு நாளன்று 40 ஜோடி கையுறையை மிச்சம் பிடிக்க நல்ல ஏற்பாடு. உயிருக்கு நேரடியாகத் தொடர்புள்ள படிகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு, அதில் ஒன்றை விட்டாலும் தேர்ச்சி இல்லை என்று திருத்தினோம். சொல்வதற்கு இருந்த மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டோம். ஓரளவு சரியானது.

இதெல்லாம் திருத்திவிடக்கூடிய குறைகள். என்னை ஆஸ்கியிடமிருந்து பிரித்தது வேறு ஒன்று: மறதி.

ஆண்டிறுதி ஆஸ்கியில் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) மேசையில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். வேலைக்கும் சேர்ந்துவிட்டார், பேச்சில் தோரணை வந்திருந்தது. வந்தது வந்தீர்கள், இரண்டு நிமிடம் அழுத்திக் காட்டிவிட்டுப் போங்கள் என்று அளவுமானி பொருத்திய பொம்மையைக் காட்டினேன். ஆழம் குறைந்தது 5 செ.மீ. இருக்க வேண்டும், 6 செ.மீ. தாண்டக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அவருக்கு ஆழம் 3.5ஐ ஒட்டியே நின்றது, வேகம் 135. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை முழுதாக எழ விடாமல் அதன்மேலேயே சாய்ந்திருந்தார். வியர்த்துக்கொண்டே “சரியாக இருக்கிறதா மேடம்?” என்று கேட்டபோது அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

அவர் சோம்பேறி இல்லை. கை மறக்கும், அவ்வளவுதான். சிபிஆர் திறமை பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே தேயத் தொடங்கிவிடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தேர்ச்சி அட்டையோ 2 ஆண்டுகள் செல்லும். அமெரிக்க இதயச் சங்கமே 2019 முதல் பெரியவர்களுக்கான சிபிஆர் பயிற்சிகளில் ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் கருவியைக் கட்டாயமாக்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறு பயிற்சி என்ற தனித் திட்டமும் அதனிடம் உண்டு.

இன்னொன்றையும் கவனித்தேன். மறதி எல்லாத் திறமையையும் ஒரே மாதிரி தின்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவது எல்லாம் தினமும் செய்வதால் வேலையே பயிற்சியாகிவிடும். 108 ஆம்புலன்ஸில் ஏறும் ஒருவருக்கு வாரக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நள்ளிரவில் வருபவைதான் ஆபத்து: நின்றுபோன இதயம், மூச்சு அடைத்த கைக்குழந்தை, வண்டியிலேயே பிரசவம், பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்கு. அரிதாக வரும், வந்தால் உயிர் போகும். ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் தேர்வு, எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அந்த ஒரு நாளின் கையைத்தான் அளக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது அந்த நள்ளிரவின் கை.

அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வைக்கும் சோதனை. எங்கள் ஏற்பாடு எளிமையானது. ஒரு தோள்பை, 12 அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மேலே சொன்ன மாதிரி அரிதான ஒரு நிலைமை. எந்தெந்த நிலைமைகள் என்பது முதல் நாளே மாணவர்களுக்குத் தெரியும். எந்த நாள், யார் என்பது மட்டும் தெரியாது. தினமும் இரண்டு பேர். சாப்பாட்டுக்குப் போகும் வழியிலோ நூலக வாசலிலோ நிறுத்தி அட்டையை நீட்டுவேன். செய்ய 5 நிமிடம், பேச 3 நிமிடம். 20 வேலை நாளில் 40 பேரும் ஒருமுறை வந்துவிடுவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதுவேன்: முதலில் என்ன செய்தார், முதல் அழுத்தமோ முதல் ஊதலோ எத்தனையாவது விநாடியில், அடுத்த மாதத்துக்குள் திருத்த வேண்டிய ஒன்று. ஒன்றுதான். ஐந்து எழுதினால் ஒன்றும் திருந்தாது.

இங்கே கசிவு எனக்குச் சாதகம். இன்று மேடம் குழந்தை அட்டை வைத்தார்கள் என்று ஒருவர் சொன்னால், அன்று மாலை நான்கு பேர் குழந்தைப் பொம்மையைக் கேட்டு அறைச் சாவிக்கு வந்து நிற்பார்கள். ஆஸ்கியில் திருட்டாக இருந்தது இங்கே பாடம் படிப்பதாகிவிடுகிறது.

செலவு குறைவு என்று சொன்னால் பொய். மாதம் 320 நிமிடம், ஆண்டுக்கு 64 மணி நேரம். ஆஸ்கிக்கு 8 தேர்வாளர் நேரத்தையும் கூட்டினால்கூட 38 மணியைத் தொடாது. ஆனால் அந்த 64 மணி நாளுக்கு 16 நிமிடமாகக் கரைந்துவிடுவதால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பொம்மைக்குத் தேய்மானம் அதிகம். உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துபோய் லேசான அழுத்தத்துக்கே ‘டிக்’ என்று சத்தம் கொடுத்து எல்லோரையும் கெட்டிக்காரராக்கிய பழைய பொம்மை ஒன்று எங்களிடம் இருந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுகோல் வைத்துச் சரிபார்க்கிறோம்.

பெரிய குறை வேறு இரண்டு. பாடம் எடுப்பவரே சோதிப்பதால் என் விருப்பு வெறுப்பு உள்ளே வரும். துண்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால், கூச்ச சுபாவமுள்ள மாணவிகளிடம் நான் அவசரப்பட்டிருப்பது எனக்கே தெரிகிறது. இரண்டாவது, பயம். முதல் மாதம் ஒருவர் அட்டையைப் பார்த்ததும் அழுதுவிட்டார். இருவர் என்னைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கினார்கள். மதிப்பெண் கிடையாது, சீட்டு உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. அலுவலகத்துக்கோ மதிப்பெண் இல்லாத தேர்வு தேர்வே இல்லை. அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆம்புலன்ஸில் கூடப் போய் மதிப்பிடுவதை ஏன் பின்னுக்குத் தள்ளினேன் என்று கேட்கலாம். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடின்படி பார்த்தால் அதுதான் உச்சி: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், உண்மையில் செய்கிறார் என்ற நான்கு படிகளில் கடைசிப் படி. ஒரே ஓர் ஆண்டு மாணவர்களிடம்தான் முயன்று பார்த்தேன், அதனால் என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஷிஃப்டில் எங்களுக்கு வந்தது காய்ச்சல் ஒன்று, மருத்துவமனை மாற்றம் ஒன்று. அரிதானதை நம்மால் வரவழைக்க முடியாது, வந்தாலும் தாளை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது, கையைக் கொடுக்கத்தான் வேண்டும். நோயாளியிடமும் உறவினரிடமும் பேசும் விதத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. கூடுதல் ஆள்கள் உள்ள நிறுவனத்தில் என் முடிவு தலைகீழாகவும் இருக்கலாம்.

இப்போது எங்களிடம் எழுத்துத் தாள் நான்காம் மாதம் ஒன்று, முடிவில் ஒன்று. ஆஸ்கி 5 மேசையாகச் சுருங்கிவிட்டது, சான்றிதழுக்கு மதிப்பெண் அங்கிருந்துதான். துண்டுச் சீட்டு மாதாமாதம்.

சென்ற மாதம் மூச்சுத்திணறல் அட்டை. சிலிண்டரைத் திறக்கும் சாவியை வேண்டுமென்றே அலமாரி மேல் ஒளித்துவைத்தேன். மாணவர் முகமூடியை எடுத்தார், சிலிண்டரைத் தொட்டார், சாவியைத் தேடினார். 50 விநாடி தேடினார். கடைசியில் அம்பு பேக்கை வெறுங்காற்றோடு அழுத்தத் தொடங்கினார், அதுவும் சரிதான். சீட்டில் “சாவி” என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பயிற்சி அறையில் இருக்கும் நான்கு சிலிண்டர் கழுத்திலும் சாவி கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. இந்த மாதம் நான் வேறு எதையாவது ஒளித்துவைக்க வேண்டும்.